மாங்கோச்சி எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவு: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மலாவி நாட்டின் மாங்கோச்சி மாவட்டத்தில், ஏரிக்கரைக் கிராமங்களுக்கு நடுவே உள்ள மருத்துவமனையில் நாம் எடுத்துக்கொண்ட வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது. எக்ஸ்ரே அறையையும் ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) அறையையும் கட்டி, கருவிகளைப் பொருத்திச் சோதித்து, மருத்துவமனை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டோம். இதுவரை அங்குள்ளவர்கள் ஒரு படம் எடுக்க மாவட்டத் தலைநகருக்கோ, அதையும் தாண்டி சோம்பா மத்திய மருத்துவமனைக்கோ போக வேண்டியிருந்தது. மினிபஸ் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் போகாமலே இருந்துவிட்டார்கள். எலும்பு முறிவைக் கையால் தடவிப் பார்த்துத்தான் கட்டுப் போட்டார்கள்.

“மெஷினை முதலிலேயே அனுப்பியிருக்கலாமே, ஏன் இத்தனை காலம்?” என்று உறுப்பினர்கள் பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் கழித்துப் போடும் பழைய மெஷின்களைத் தர இரண்டு மூன்று இடங்களில் முன்வந்தார்கள். நன்றி சொல்லி மறுத்தோம். வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் உள்ள கருவிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் ஓடாமல் கிடப்பதாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. உதிரிபாகம் கிடைக்காது, மின்சாரம் ஒத்துவராது, இயக்க ஆள் இருக்காது. அதனால்தான் முதலில் சுவர், பிறகு மின்சாரம், பிறகு ஆட்கள், கடைசியில் மெஷின் என்று வரிசை வகுத்தோம். உங்கள் நன்கொடையில் பாதிக்கு மேற்பட்ட தொகை மெஷினுக்கு அல்ல, மற்ற வேலைகளுக்கே போனதைக் கணக்கில் பார்ப்பீர்கள். அது சரியான செலவு என்பதே குழுவின் ஒருமித்த கருத்து.

உள்ளூரில் சுட்ட செங்கல்லைக் கொண்டு ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பினோம். அந்தக் கனம் இருந்தால், கதிர் வெளியே கசியாமல் தடுப்பதில் எக்ஸ்ரே அறைக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் ஈயத்தகடு அடித்த மாதிரி. கதவுக்கு மட்டும் ஈயத்தகடு வாங்க வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தென் மலாவியைப் புரட்டிப்போட்டதை மனதில் வைத்து, தரைமட்டத்தை உயர்த்திக் கூரையையும் கூடுதலாக இழுத்துக் கட்டினோம்.

மின்சாரம்தான் பெரிய தலைவலி. மலாவியின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே ஆற்றின் நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் ஆனா புயல் கபிசிரா நிலையத்தை உடைத்தபோது நாடே இருட்டில் தவித்தது. ஒரு நெஞ்சுப் படம் எடுக்கக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தக் கணத்தில் மெஷின் 30 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். கிராமத்து லைன் அதைத் தாங்காது. ஆகவே, மெல்ல மெல்லச் சார்ஜ் ஏற்றிவைத்து ஒரே மூச்சில் கொடுக்கும் பேட்டரி வகை மெஷினைத் தேர்ந்தெடுத்தோம். கூரையில் சோலார் பேனல்களும் வைத்தோம். ஃபிலிம் கிடையாது, எல்லாம் டிஜிட்டல். படம் கழுவ மருந்தும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

மலாவிக்குக் கடல் இல்லை. பெட்டிகள் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் இறங்கி, லாரியில் எல்லை தாண்டி வந்தன.

பொருத்தி முடித்ததும் கதிர் கசிவுச் சோதனை. நோயாளி இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் கேன். உள்ளே மெஷினை இயக்க இயக்க, வெளியே நம் பொறியாளர் அளவுக்கருவியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே வந்தார். சுவர் முழுக்கச் சுத்தம். கதவின் அடி இடுக்கில் மட்டும் முள் லேசாக ஏறியது. தச்சர் அன்றே கதவைக் கழற்றி, தகட்டைக் கீழே நீட்டி அடித்துத் திரும்ப மாட்டினார். மறுபடி அளந்தோம், முள் அசையவில்லை. அந்த அளவுகளைத்தான் மலாவியின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு உரிமம் கேட்டு அனுப்பினோம்.

எக்ஸ்ரே எடுப்பவர் தலைநகர் லிலோங்வேயில் படித்த உள்ளூர் ரேடியோகிராபர். சம்பளம் மருத்துவமனையுடையது. நம் பணத்தில் சம்பளம் கொடுத்திருந்தால், நாம் விலகும் நாளில் அறையும் பூட்டப்பட்டிருக்கும். ஸ்கேன் செய்ய மருத்துவச்சிகளுக்கும் கிளினிக்கல் ஆபீசர்களுக்கும் (மருத்துவர் பட்டம் இல்லாமல், சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவர்கள்) நம் உறுப்பினர்கள் பயிற்சி தந்தார்கள். கர்ப்பிணிகளுக்கு 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் என்பது 2016 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரட்டைக் குழந்தையா, நஞ்சுக்கொடி குழந்தை வெளிவரும் வழியை அடைத்திருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவகாசம் கிடைக்கும்.

அங்கே ஸ்கேனுக்கு நாம் இங்கே அதிகம் பார்க்காத வேலைகளும் உண்டு. ஏரித் தண்ணீரில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழு நோய் சிறுநீர்ப்பையின் சுவரைத் தடிக்க வைக்கும். அது ஸ்கேனில் தெரியும். எச்ஐவி உள்ளவர்களுக்குக் காசநோய் பல நேரம் நுரையீரலுக்கு வெளியே ஒளிந்துகொள்வதால் சளிப் பரிசோதனையில் அகப்படாமல் போகும். அதன் அடையாளங்களான இதயத்தைச் சுற்றி நீர், வயிற்றுக்குள் வீங்கிய நெறிக்கட்டிகள், மண்ணீரலில் கறுத்த சிறு புள்ளிகள் ஆகியவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தோம். பயிற்சியில் மருத்துவச்சிகள் மிக ஆர்வமாகக் கேட்ட பகுதி இதுதான். சிக்கலான படங்களை இணையம் வழியாக நம் ரேடியாலஜி மருத்துவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்கள். முடிவெடுப்பது அங்குள்ளவர்களே.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை இத்துடன் இணைத்துள்ளோம். மீதித் தொகையை வேறு எதற்கும் தொடாமல், பேட்டரி மாற்றவும் உடலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் புரோப் பழுதானால் புதிது வாங்கவும் தனி வைப்பாக வைக்க வேண்டும் என்பது குழுவின் பரிந்துரை. பொதுக்குழுவில் இதற்கு ஒப்புதல் கேட்கிறோம். உறுப்பினர்கள் தவறாமல் வந்து வாக்களிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு