கீழே அனுப்பும்போது

குன்னூர்

அன்புள்ள கோகிலா,

நீ நர்சிங் சூப்பிரண்டென்ட் ஆன சேதி தங்கம் அக்கா வாயால்தான் எனக்கு வர வேண்டுமா? ஒரு போன் போடக்கூட மேடத்துக்கு நேரமில்லையாம். பச்சை ஃபைல் இனிமேல் உன் மேஜை மேல்தான் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இங்கே எல்லோரும் சுகம். அண்ணனுக்கு முழங்கால் தேவலை என்றார்கள், சந்தோஷம்.

வாழ்த்து முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். கோத்தகிரியில் சின்ன ஆஸ்பத்திரி என்றால் பெரிய ஐ.சி.யூ. இருக்காது, ராத்திரியில் மயக்க டாக்டரும் இருக்க மாட்டார். உன் தலைவலியில் பாதி, கேஸைக் கீழே கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில்தான் வரப்போகிறது. ‘மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்’ என்று ஒரு வரி எழுதி நூற்றியெட்டில் ஏற்றிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று நம் ஆட்களில் பலர் இன்னும் நம்புகிறார்கள். தீராது.

1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கு ஞாபகம் இருக்கிறதா? ஸ்கூட்டரில் போனவரைக் கார் அடித்துவிட்டது. கொண்டுபோன ஆஸ்பத்திரியில், இது போலீஸ் கேஸ், நாங்கள் பார்ப்பதில்லை என்று 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போனது. உயிரைக் காப்பதுதான் முதல் வேலை, போலீஸ் நடைமுறை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது, அரசோ தனியாரோ எல்லோருக்கும் இது பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம். 1996இல் மேற்கு வங்க வழக்கு. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. அது உயிர்வாழும் உரிமையையே மீறுவது என்று தீர்ப்பானது.

கீழே அனுப்பவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. உன் கையில் இருப்பதை வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு அனுப்ப வேண்டும். பிரஷர் ஏறி வலிப்பு வந்த கர்ப்பிணி என்று வை. வலிப்பை அடக்குகிற மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போகாமல் வண்டி நகரக் கூடாது. 50 சதவீத ஆம்ப்யூல் 2 மில்லி, அதில் 1 கிராம். டாக்டர் ஆர்டர் வாங்கி, ஒரு பிட்டத்துக்கு 5 ஆம்ப்யூல் வீதம் ஆழமாகப் போட்டால் மொத்தம் 10 கிராம். கூடப் போகிற சிஸ்டர் மூச்சு எண்ணிக்கையையும் முழங்கால் ரிஃப்ளெக்ஸையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும், அதற்கு மாற்றுமருந்தான கால்சியம் குளுக்கோனேட் கையில் இருக்க வேண்டும். டோஸையும் நேரத்தையும் ரெஃபரல் கடிதத்தில் எழுதாவிட்டால் கீழே இன்னொரு டோஸ் போட்டுவிடுவார்கள். மூச்சு நின்றுபோகிற அளவுக்கு ஆபத்து அது.

ஆக்சிஜன் விஷயம் என்னைத் தூங்கவே விடுவதில்லை. பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். மாஸ்க்கில் நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிஷம். முள் பாதியில் நின்றால் 75 நிமிஷம்தான். ரிசர்வாயர் பை வைத்து 15 லிட்டர் ஓட்டினால் முழு சிலிண்டரே 100 நிமிஷத்தில் காலி. இப்போது உன் ரோட்டை நினைத்துப் பார். மேட்டுப்பாளையம் வரை மலை இறக்கம், அதற்குப் பிறகு கோயமுத்தூர் டிராஃபிக். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனையில் யானை நின்றால் நீ என்ன ஹாரன் அடித்தும் பயனில்லை. ஐப்பசி மழையில் மண் சரிந்தால் கேட்கவே வேண்டாம். 2 மணி நேரப் பயணம் என்றால் 10 லிட்டர் கணக்கில் 1,200 லிட்டர், அதில் பாதியைக் கைக்காவலுக்குச் சேர்த்தால் 1,800. ஒரு சிலிண்டர் போதாது என்று கணக்கே சொல்கிறது. இரண்டாவது சிலிண்டரை ஏற்றினால் மட்டும் பத்தாது. சாவி, வாஷர், ரெகுலேட்டர் சரியாக உட்காருகிறதா என்று கிளம்பும் முன் திறந்து பார்க்கச் சொல். 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஜேக்கப் மேத்யூ வழக்கே காலி சிலிண்டரில்தான் ஆரம்பித்தது. மாற்று சிலிண்டர் வந்தது, அதை ஓடவைக்க ஏற்பாடு இல்லை, சில நிமிஷம் வீணானது, நோயாளி இறந்தார். டாக்டர்கள் மேல் கிரிமினல் வழக்கு நிற்காது, அதற்குப் பெரும் அலட்சியம் வேண்டும் என்று கோர்ட் சொன்னதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சிலிண்டர் காலியாக இருந்ததை மறந்துவிட்டார்கள்.

எழுத்துக்கு வா. வந்த நேரம், வந்தபோது இருந்த பல்ஸ், பி.பி., சாச்சுரேஷன், கிளம்பும்போது இருந்தவை, என்னென்ன போட்டோம், எத்தனை மணிக்கு, ஏன் அனுப்புகிறோம், கீழே யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினோம், படுக்கை உண்டு என்றாரா. கடைசி இரண்டும் இல்லாத கடிதம் எனக்குக் கடிதமே இல்லை. பேசாமல் அனுப்பினால் நோயாளி வாசலுக்கு வாசல் அலைவார். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து, நேரம். ஒயிட்னரைப் பார்த்தால் தூக்கிக் குப்பையில் போடு. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி உள்நோயாளி ரெக்கார்டு 3 வருஷம் இருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அப்போது திருத்தி எழுத உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வோம்.

எனக்கு ஆகவே ஆகாத ஒரு வழக்கம் இருக்கிறது. நாமே அனுப்புகிறோம், ஆனால் நோயாளியோடு வந்த அட்டெண்டரிடம் ஏ.எம்.ஏ., அதாவது டாக்டர் சொல்லை மீறிப் போகிறேன் என்ற கையெழுத்து வாங்குகிறோம். ‘சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்’ என்று. இது பொய் ஆவணம், கோகிலா. அவர்கள் நிஜமாகவே பிடிவாதம் பிடித்துக் கிளம்பினாலும் அந்த ஒற்றை வரி நம்மைக் காப்பாற்றாது. போனால் என்ன ஆகும் என்று எந்த மொழியில், யார் சொன்னது, நோயாளிக்குப் புரிந்ததா, போகும்போது நிலைமை என்ன, மருந்துச் சீட்டு கொடுத்தோமா, இவ்வளவும் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். உன் பக்கம் இருளர், குறும்பர் பாட்டிகளிடம் தமிழில் கடகடவென்று படித்துக் கைரேகை வாங்குவதைச் சம்மதம் என்று சொல்லாதே. மொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, அவர் பெயரையும் எழுது. புருஷன் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிற நம் ஊர்ப் பழக்கமும் வேண்டாம். நினைவோடு இருக்கிற 18 வயது தாண்டிய பெண் தன் உடம்புக்குத் தானே சம்மதம் தர வேண்டும். 2008இல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்தவருக்காக அம்மா தந்த சம்மதமே செல்லாது என்றார்கள், அவசரம் இல்லாததால். அவசரம் என்றால் யாருக்காகவும் காத்திருக்காதே, இரண்டு டாக்டர் குறிப்பு எழுதி வேலையைப் பார்.

எஸ்டேட்டில் பூச்சிமருந்து குடித்து வருகிற கேஸுக்கு ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி, போலீஸ் இன்டிமேஷன் எல்லாம் உண்டு, ஆனால் மாற்றுமருந்தான அட்ரோபினுக்குப் பிறகு. யார், எதற்குக் குடித்தாள் என்ற பேச்சு வார்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போகக் கூடாது. அட்டெண்டரை விட நம் ஆட்கள் வாய்தான் பெரிசு. பிரேமாவை நினைத்துக்கொள், புரியும்.

ஒரு புலம்பலும் உண்டு. 2024 ஜூலையில் வந்த புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106வது பிரிவைப் படித்தாயா? அலட்சியத்தால் மரணம் என்றால் 5 வருஷம் வரை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தால் 2 வருஷம் வரை. மருத்துவர் பதிவேட்டில் நம் பெயர் ஏது? அதே ராத்திரி, அதே கட்டில், அதே ஊசி, நமக்கு மட்டும் 5. போன் ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்து, நேரம் போட்டு எழுதி, காலையில் டாக்டர் கையெழுத்து வாங்காமல் எந்த நர்ஸ் பெண்ணையும் வீட்டுக்கு விடாதே. கத்தட்டும் பரவாயில்லை.

உன்னிடம் பி டைப் எத்தனை இருக்கிறது, கூடப் போக ராத்திரியில் யார் இருக்கிறார்கள் என்று பதில் எழுது. ரெஃபரல் ஃபார்ம் ஒன்று நான் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த கவரில் அனுப்புகிறேன். அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சாந்தி