கோடை முடிந்த பிறகும் அங்கேயே இருந்தவர்கள்

அன்புள்ள மகளுக்கு,

மான்செஸ்டரில் உன் அலுவல் முடிந்ததும் ரயிலேறி, இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் பிளாக்பூலுக்குப் போய், நான் வளர்ந்த தெருவைத் தேடிப் பார்த்துவிட்டு வந்ததாக எழுதியிருந்தாய். பூட்டிய கடைகளும், பூச்சு உரிந்த விடுதிகளும், மழையில் ஆளரவமின்றிக் கிடந்த கடற்கரைச் சாலையும் உன்னைச் சங்கடப்படுத்தின என்றும், இந்த ஊரை நினைத்தா அப்பா இவ்வளவு உருகுகிறார் என்று தோன்றியது என்றும் மறைக்காமல் சொன்னாய். நீ கண்டது உண்மைதான். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஊர் யாருக்காக எழுந்தது, யாருடைய உழைப்பில் நின்றது என்பதை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

உன் அப்பப்பா 1962ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு எட்டு வயது. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன வைத்தியர்களுக்கு லண்டனின் பெரிய மருத்துவமனைகளில் இடம் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. உள்ளூர் வைத்தியர்கள் விரும்பாத துறைகளும் ஊர்களுமே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைத்தன. அப்பப்பாவுக்குக் கிடைத்தது முதியோர் மருத்துவம். ஓய்வு பெற்றவர்கள் வந்து குடியேறும் கடற்கரை நகரம் என்பதால் அங்கே முதியவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் பெரும்பாலோர் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் சொல்ல நினைப்பதெல்லாம் அவர்களிடத்தில்தான் வந்து சேர்கிறது.

லங்காஷயரின் பஞ்சாலை நகரங்களில் ‘வேக்ஸ் வாரம்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நகரத்து ஆலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மூடப்படும். கொதிகலன்களையும் எந்திரங்களையும் பழுது பார்ப்பதற்கு ஆலைக்காரர்களுக்கு அது வசதி. தொழிலாளிக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைத்த நீண்ட ஓய்வு அதுதான். சம்பளத்துடன் விடுமுறை பற்றிய சட்டம் 1938இல்தான் வந்தது என்பதால், அதற்கு முன்பெல்லாம் அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. வாராவாரம் சில்லறையாகச் சேமிப்புச் சங்கத்தில் கட்டி வைத்து, அந்தப் பணத்தில்தான் பிளாக்பூலுக்குக் கடல் பார்க்க வருவார்கள். நகரத்துக்கு நகரம் வாரம் மாறும். ஒரு வாரம் ஓல்டம்காரர்கள், இன்னொரு வாரம் பர்ன்லிக்காரர்கள், ஜூலை நடுவில் கிளாஸ்கோவிலிருந்து ஸ்கொட்லாந்துக்காரர்கள் என்று கோடை முழுவதும் ஊர்கள் முறைவைத்து வந்தன. தெருவோடு தெருவாக வருவார்கள். ஊரில் அடுத்த வீட்டுக்காரராக இருந்தவரே விடுதியிலும் அடுத்த அறைக்காரராக இருப்பார். நல்லூரில் கொடியேறும் நாளை வைத்து எங்கள் வீட்டில் ஆண்டைக் கணக்கிட்டது போல இவர்கள் இந்த ஒரு வாரத்தை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறார்கள் என்று உன் அப்பம்மா சொல்லுவா.

பதினான்கு நடைமேடைகள் கொண்ட சென்ட்ரல் ரயில் நிலையம் 1964 நவம்பரில் மூடப்படும் வரை, சனிக்கிழமைகளில் அங்கே போய் நின்று ரயில்கள் வருவதைப் பார்ப்பது எனக்கு வழக்கம். வரும் வழியில் கோபுரத்தை முதலில் கண்டவர் யார் என்று பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கும். இறங்கும்போதும் அந்த வழக்கு ஓய்ந்திராது. 158 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தின் கதை உனக்குத் தெரியுமல்லவா? ஜோன் பிக்கர்ஸ்டாஃப் என்ற நகரத் தலைவர் 1889இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போய் ஈஃபில் கோபுரத்தைக் கண்டு, தம் ஊருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று முனைந்ததன் பயனாக 1894 மே மாதம் அது திறக்கப்பட்டது. பாரிஸ் கோபுரத்தின் கால்களுக்கு நடுவே வெறும் வெளி. பிளாக்பூல் கோபுரத்தின் கால்களுக்கு நடுவே ஒரு சர்க்கஸ் அரங்கு. காட்சியின் முடிவில் அரங்கின் தரை மெல்லக் கீழிறங்க, அந்த இடம் முழுவதும் நீர் நிறையும். 1939 முதல் நாற்பது ஆண்டுகள் கோமாளியாக நின்ற சார்லி கைரோலி அந்த அரங்கில் தடுக்கி விழுவதைப் பார்த்து, வீட்டில் சத்தமாகச் சிரித்து அறியாத உன் அப்பப்பா கண்ணீர் வரச் சிரித்தார்.

வந்துபோனவர்கள் கண்டது இவ்வளவுதான். அங்கேயே இருந்த எங்களுக்கு இதன் பின்புறமும் தெரியும். எங்கள் பக்கத்து வீடு ஒரு போர்டிங் ஹவுஸ். அதை நடத்திய அம்மையார், கணவரை இழந்தவர், விடியுமுன் எழுந்து அத்தனை அறைக்காரருக்கும் காலையுணவு சமைத்து, படுக்கை விரிப்புகளை மாற்றி, மாலைச் சாப்பாட்டுக்குள் மீண்டும் எல்லாவற்றையும் அடுக்கி வைப்பார். கோடை நெருக்கத்தில் தம் பிள்ளைகளோடு சமையலறையிலேயே படுத்துக்கொண்டு, தம் அறையையும் வாடகைக்கு விட்டுவிடுவார். மேசையில் வைக்கும் உப்புக்கும் மிளகுக்கும் கூடத் தனியாகக் காசு வாங்குவார்கள் என்று அந்த ஊர் விடுதிக்காரிகளைக் கேலி செய்யும் கதைகள் நாடெங்கும் உண்டு. நான் பதின்ம வயதில் சனிக்கிழமைகளில் அவருக்கு உதவப் போனவன். மூன்று மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் வாழ வேண்டிய ஒருவர் உப்பையும் எண்ணித்தான் ஆக வேண்டும் என்பதைக் கண்ணால் கண்டதனால், அந்தக் கேலியை நான் ஒருநாளும் ரசித்ததில்லை.

நீ வாங்கிவந்த ராக் மிட்டாயும் அப்படித்தான். சீனியையும் குளுக்கோஸ் பாகையும் காய்ச்சி, ஒரு பகுதியை வெளுத்துப்போகும் வரை இழுத்திழுத்துக் காற்றேற்றி, சாயமிட்ட இன்னொரு பகுதியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி அடுக்கி எழுத்துகளை உருவாக்குவார்கள். நேர்கோட்டு எழுத்துகளை முதலிலும், சூட்டில் உருக்குலைந்துவிடக் கூடிய வட்ட எழுத்துகளைக் கடைசியிலும் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டிய பெரிய உருளையை உருட்டி உருட்டி விரல் பருமனுக்கு நீட்டிய பின்புதான், எந்த இடத்தில் கடித்தாலும் ஊரின் பெயர் தெரியும் அந்தக் குச்சி கிடைக்கும். பாகு இறுகிவிடுமுன் அத்தனையும் முடிந்தாக வேண்டும். என் பள்ளித் தோழனின் தந்தை அந்த வேலையில்தான் இருந்தார். அவருடைய உள்ளங்கைகள் தோல் தடித்துச் சிவந்திருந்தன.

இலையுதிர்கால விளக்கலங்காரத்தையும் உழைப்பின் கணக்கிலேயே சேர்ப்பேன். 1879இல் எட்டு மின்வில் விளக்குகளைக் கடற்கரையில் ஏற்றியபோதே அதைக் காண மக்கள் திரண்டார்களாம். இப்போதைய விளக்குத் திருவிழாவுக்கு 1912இல் தொடக்கமிட்டார்கள். போர்க்காலங்களில் நின்று 1949இல் மீண்டும் தொடங்கியது. அழகுக்காக மட்டும் செய்ததன்று. செப்டம்பரோடு வெறிச்சோடிப் போகும் ஊருக்கு இன்னும் சில வாரப் பிழைப்பைத் தேடித் தருவதற்காகச் செய்தது. விண்வெளி ஓடமாகவும் போர்க்கப்பலாகவும் உருமாற்றிய டிராம்கள் ஆயிரக்கணக்கான பல்புகளோடு இருட்டில் நகர்ந்து வரும்போது, அவற்றை ஆண்டு முழுவதும் பட்டறையில் இருந்து செப்பனிட்டவர்கள் தங்கள் குடும்பங்களோடு நடைபாதையில் நின்று, எந்தப் பல்பாவது எரியவில்லையா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அப்பம்மா என்னை மன்னிக்கமாட்டா. பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்தவ அவ. அங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் நீர்மட்டம் ஒரு மீட்டர்கூட மாறுவதில்லை. ஐரிஷ் கடலிலோ அமாவாசையையும் பறுவத்தையும் ஒட்டிய நாள்களில் அந்த வேறுபாடு எட்டு மீட்டர் அளவுக்கு இருக்கும். காலையில் கற்சுவரில் மோதி மேலெழும்பிய கடல் மதியத்தில் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டதைக் கண்ட முதல் நாள், அவ அந்தச் சுவரருகே நெடுநேரம் நின்றா. பெருக்கு நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வரும் என்ற கணக்கை வெகு விரைவில் பிடித்துக்கொண்டு, அட்டவணையைப் பாராமலே நேரம் சொல்லத் தொடங்கிவிட்டா. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மணலில் நடப்போம். 1942இல் நகராட்சி வகுத்த ஒழுங்கின்படி அன்று கழுதைச் சவாரிக்கு ஓய்வு நாள் என்பதால் மணல் அமைதியாக இருக்கும். பிறகு டிராமேறி வடக்கே பிளீட்வுட்டுக்குப் போவோம். பிரித்தானியாவின் மற்ற நகரங்கள் தங்கள் பழைய டிராம்களைக் கைவிட்ட பிறகும், 1885இல் தொடங்கிய தன் டிராம் சேவையைப் பிளாக்பூல் விடாமல் நடத்தியது. பிளீட்வுட்டில் அன்று ஐஸ்லாந்துக் கடல்வரை போய்வந்த இழுவைப் படகுகள் மீன் இறக்கும். அந்த ஊர்க்காரர்கள் விரும்பாத கொட் மீன் தலைகளை மலிவாக வாங்கிவந்து, உலர்ந்த தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த பாலில், ஊரிலிருந்து பொதியில் வந்த தூளைப் போட்டு அப்பம்மா குழம்பு வைப்பா. அந்த மணத்தைப் பற்றி ஒரு முறைப்பாடும் சொல்லாமல், ஒரு கிண்ணம் கிடைக்குமா என்று கேட்டு வந்தவர் பக்கத்து வீட்டு விடுதி அம்மையார் ஒருவரே.

கோடையில் ஊர் முழுவதும் வெளியூர்க்காரர்கள் என்பதால் எங்களை யாரும் தனித்துப் பார்க்கவில்லை. குளிர்காலம் வந்து, விடுதிகள் அடைபட்டு, மேற்குக் காற்று மணலை டிராம் தண்டவாளத்தில் கொண்டுவந்து குவிக்கும் மாதங்களில்தான் நாங்கள் அந்த ஊர்க்காரர் ஆனோம்; எஞ்சியிருந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்தார்கள்.

இனி அப்பப்பாவின் நோயாளிகள். அவர்களில் பலர் அந்தப் பஞ்சாலைகளில் ஆயுள் முழுவதும் உழைத்தவர்கள். ஆண்டுக்கு ஒரு வாரம் மகிழ்ந்திருந்த இடத்திலேயே கடைசிக் காலம் முழுவதையும் கழிக்கலாம் என்று சேமிப்பையெல்லாம் போட்டு அங்கே ஒரு சிறு வீட்டையோ அறையையோ பிடித்தவர்கள். பஞ்சுத் தூசியால் பலருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. நெசவுக்கூடத்து இரைச்சலில் பலர் செவிப்புலனை இழந்திருந்தார்கள். அந்த இரைச்சலுக்குள் பேசிக்கொள்ள உதட்டசைவைப் படிக்கப் பழகியும் இருந்தார்கள். அப்பப்பாவின் ஆங்கில உச்சரிப்பு விளங்கவில்லை என்று மற்ற இடங்களில் சொன்னவர்கள் உண்டு. இந்த முதியவர்களோ அவருடைய வாயைப் பார்த்தே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டார்கள். அவரும் கட்டில் அருகே முழங்காலிட்டு, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி அமர்ந்து, ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகச் சொல்லப் பழகினார். நம் வீட்டில் அவர் கடைசிவரை எதிரே வந்து நின்று முகம் பார்த்துத்தான் பேசினார் என்பது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பழக்கம் வந்த வழி இதுதான். ஒரு மூதாட்டியின் கட்டிலைச் சன்னலோரமாக நகர்த்தச் சொன்னாராம். கோபுரம் தெரிய வேண்டும் என்பது அந்த மூதாட்டியின் வேண்டுகோள். அப்படி நகர்த்துவதை மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய விடயம் என்று அப்பப்பா சொன்னபோது அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நீ கண்ட சிதைவுக்கும் காரணம் உண்டு. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது வேக்ஸ் வாரங்களும் மறைந்தன. ஏறத்தாழ அதே செலவில் விமானமேறி ஸ்பெயினின் வெயிலுக்குப் போகலாம் என்றானது. ஐஸ்லாந்து 1970களில் தன் மீன்பிடி எல்லையை 50 மைலுக்கும் பிறகு 200 மைலுக்கும் விரித்த பின் பிளீட்வுட்டின் ஆழ்கடல் படகுகளும் ஓய்ந்தன. ஆளில்லாத பெரிய விடுதிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒற்றை அறைகளாக வாடகைக்கு விட்டார்கள். வாடகை குறைவு என்பதால் வேறெங்கும் நிற்க வழியில்லாதவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். 2019ஆம் ஆண்டின் அரசுக் கணக்கில் இங்கிலாந்தின் உள்ளூராட்சிப் பகுதிகளிலேயே வறுமை மிகுந்தது பிளாக்பூல் என்று வந்ததைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஒரு நூற்றாண்டு காலம் ஒரு நாட்டின் களைத்த மனிதர்களுக்கெல்லாம் படுக்கை விரித்துக் கொடுத்த ஊரை அந்த நாடு இப்படி விட்டிருக்கக் கூடாது. ஆனாலும், போக்கிடம் இல்லாதவர்களை இன்றும் அந்த ஊர்தான் ஏற்றுக்கொள்கிறது என்பதையும் நீ பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். நீ கண்ட பூச்சு உரிந்த வீடுகளுக்குள் இப்போது இருப்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்த முறை கனடாவிலிருந்து வரும்போது, ஆகஸ்ட் கடைசியில் விளக்குகள் ஏற்றிய பிறகு வருமாறு பயணத்தை வைத்துக்கொள். ஜனவரித் தொடக்கத்தில் அணைத்துவிடுவார்கள் என்பதால் தள்ளிப்போடாதே. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. நான் இங்கிருந்து வந்து சேர்ந்துகொள்கிறேன். பெருக்கு நேரத்தை முன்கூட்டியே பார்த்து, வற்றில் மணலில் நடந்துவிட்டு, பிளீட்வுட் சந்தைக்குப் போய் மீன் வாங்குவோம். சமையலறை உள்ள தங்குமிடமாக, நடத்துபவரே உள்ளே குடியிருக்கும் சிறு விடுதியாகப் பார். திகதியை அறிவித்தால் அறைக்கு முற்பணம் நான் கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா