ஃபுளோரன்ஸ் ஒருநாள் பயணம்: எதைப் பிடிக்கலாம்?

வணக்கம். ரோமில் தங்கும்போது ஃபுளோரன்ஸ் போய்வர இரண்டு சுற்றுலாத் திட்டங்கள் வந்துள்ளன. பேருந்து மலிவு, ஆனால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். என் ஓட்டு ரயிலுக்கு.

திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். உஃபிசி, அக்காதெமியா என்ற கலை அருங்காட்சியகங்கள் இரண்டும் மூடியிருக்கும். மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை 1873 முதல் அக்காதெமியாவுக்குள் இருக்கிறது. சதுக்கத்தில் நிற்பது நகல். வழிகாட்டி அந்த நகலைக் காட்டி முடித்துவிடக் கூடாது பாருங்கள்! நுழைவுச்சீட்டும் சேர்த்தியா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுவோம்.

அப்புறம், பேராலயக் குவிமாடம் ஏற 463 படிகள். மலேசியாவின் பத்துமலை முருகன் கோயிலுக்கே 272தான். லிஃப்ட் கிடையாது. முட்டிவலிக்காரர்கள் கீழே காப்பி குடிக்கலாம்.

ரயிலா, பேருந்தா? வெள்ளி இரவுக்குள் குழுவில் சொல்லிவிடுங்கள்.