திமிர் என்று சொன்னது தப்புதான், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கோல் வீடு பழகிவிட்டதா? சிங்கப்பூர் சின்ன ஊர்தான், ஆனாலும் நீங்கள் மகளோடு போய்ச் சேர்ந்த பிறகு நம் ஈசூன் புளோக்கில் ஒன்பதாவது மாடி நடைபாதை வெறிச்சென்று கிடக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்க ஆளில்லை. சண்டை போடவும் ஆளில்லை. பாதியில் நின்ற சண்டையை எழுதியாவது முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வலைப்பூவில் போட்டால் உங்கள் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்ற தைரியம்தான்.

எப்படி ஆரம்பித்தது, ஞாபகம் இருக்கிறதா? தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு லிஃப்டில் வரும்போது 'மாசிலா உண்மைக் காதலே'யை முனகிக்கொண்டிருந்தேன். "எங்க பானுமதி பாட்டு" என்றீர்கள். உங்க பானுமதியா? மதுரை வீரனிலும் மலைக்கள்ளனிலும் எம்ஜிஆரோடு நடித்தவர் எப்போது உங்களுக்குச் சொந்தமானார் என்று நான் எகிற, ஆந்திராவில் ஓங்கோல் பக்கத்துத் தொட்டவரத்தில் பிறந்தவர் தெலுங்குக்காரர்களான எங்களுக்கு இல்லாமல் பின்னே யாருக்குச் சொந்தம் என்று நீங்கள் எகிற, ஒன்பதாவது மாடி வந்ததே தெரியவில்லை. மீன் பை சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில்தான் சொன்னேன், "நல்லாப் பாடுவாங்க, ஆனா திமிர் பிடிச்சவங்க" என்று. நீங்கள் பதில் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

அந்த வார்த்தை என்னுடையது இல்லை, அக்கா, என் அம்மாவுடையது. வானொலியில் பானுமதி குரல் வந்தால் அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து நிற்பார். கனமான குரல், கொஞ்சம் மூக்கில் பட்டு வரும். ஒரு வரியை இழுத்துக்கொண்டே போய், முடிக்கும்போது கத்தரித்தாற்போல் நிறுத்துவார். இரவல் குரலில் வாயசைக்கும் நாயகிகள் பெருகிவிட்ட காலத்தில், தன் பாட்டைத் தானே பாடியவர். அம்மா முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "என்ன குரல்! ஆனா திமிரு" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்புவார். சின்ன வயதில் எனக்கு அது ஒரே சொல்லாகவே பதிந்துவிட்டது.

அடுத்த வாரம் நீங்கள் ஆவக்காய் ஊறுகாய் போத்தலோடு வந்து கதவைத் தட்டினீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்குத் தெரியாத பாதியைச் சொன்னீர்கள். 1939-இல் 'வர விக்ரயம்' என்ற தெலுங்குப் படம். வரதட்சணைக் கொடுமையில் கிணற்றில் விழுந்து சாகும் காளிந்தியாக ஒரு சின்னப் பெண். எந்த நடிகரும் மகளைத் தொட்டு நடிக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அப்பா நடிக்கவே விட்டாராம். அந்தப் பெண் 1943-இல் அப்பாவை மீறி, உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இனி நடிப்பே வேண்டாம், குடும்பம் போதும் என்று ஒதுங்கியவரைத்தான் 'சுவர்க்க சீமா'வுக்காகத் திரும்பக் கூட்டி வந்தார்கள். 1945-இல் அந்தப் படம் வந்ததும் நிலைமையே மாறிவிட்டது. பிள்ளை பரணியின் பெயரில் படக் கம்பெனி, அப்புறம் சென்னை சாலிகிராமத்தில் ஸ்டூடியோ. மகன் பெயரை ஸ்டூடியோ வாசலில் எழுதி வைத்த அம்மா வேறு யார் இருந்தார்கள் அந்தக் காலத்தில்?

1953-இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் அவரே இயக்கினார், இரட்டை வேடமும் அவரே. இதை நீங்கள் சொன்னபோது தலையாட்டினேன். உங்களை வழியனுப்பி வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எம்ஜிஆர் முதல் முதலாக இயக்கிய 'நாடோடி மன்னன்' வந்தது 1958-இல். அதாவது அவர் முதல் படம் இயக்கும்போது, எதிரே நின்ற கதாநாயகி பானுமதி படம் இயக்கி ஐந்து வருஷம் ஆகியிருந்தது! எடுத்த காட்சியையே திரும்பத் திரும்ப எடுத்தால் அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? கருத்து வேறுபாடு முற்றி விலகிவிட்டார். கதையில் அவர் பாத்திரத்தைச் சாகடித்துவிட்டு, மீதிப் படத்தைச் சரோஜாதேவியை வைத்து ஓட்டினார்கள். எம்ஜிஆர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை, இருந்ததையெல்லாம் போட்டு எடுத்த படம். நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

'மிஸ்ஸியம்மா' கதையும் அப்படித்தான். முதலில் நாயகி பானுமதி, இரண்டாவது பெண்ணாகச் சாவித்திரி. வீட்டில் வரலட்சுமி விரதம், படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார் என்று தயாரிப்பாளர் சக்கரபாணி மன்னிப்புக் கேட்கச் சொல்ல, இவர் மறுத்துவிட்டார். எடுத்ததைத் தள்ளிவிட்டுச் சாவித்திரியை நாயகி ஆக்கினார்கள். அதனால் ஜமுனாவுக்கும் இடம் கிடைத்தது. ஒரு மன்னிப்பு கேட்கப்படாமல் போனதில் சாவித்திரி என்ற பெரிய நட்சத்திரம் தமிழுக்கும் தெலுங்குக்கும் கிடைத்தார். அம்மா இதைத் திமிர் என்பார். ஸ்டூடியோ முதலாளி ஒருவர் இதையே செய்திருந்தால் தன்மானம் என்றிருப்பார். பானுமதியும் ஸ்டூடியோ முதலாளிதான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் சொல்லி நான் தோற்ற இடம் இதுதான்.

இப்போது என் பாதியையும் கேளுங்கள். நீங்கள் தெலுங்கு 'மல்லீஸ்வரி'யிலேயே நின்றுவிட்டீர்கள். அண்ணா எழுதிய 'ரங்கோன் ராதா' 1956-இல் படமானது. கொழுந்தியாளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டுப் பெண்டாட்டிக்குப் பைத்தியம், பேய் பிடித்துவிட்டது என்று ஊரை நம்ப வைக்கும் புருஷனாகச் சிவாஜி, அந்தப் பெண்டாட்டியாகப் பானுமதி. சிவாஜிக்கு முன்னால் பலர் ஒடுங்கிப் போவார்கள், இவர் ஒடுங்கவில்லை. 1962-இல் 'அன்னை'. பெறாத பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்ப்பவள். அதில் 'பூவாகிக் காயாகி' பாட்டு வரும்போது அம்மா திமிர் என்று சொன்னதே இல்லை. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

என் மகளைக் கேட்டால், 'செம்பருத்தி'யில் வரும் பாட்டிதானே என்பாள். 1992 படம். அவளுக்கு அவ்வளவுதான் பானுமதி. பத்மஸ்ரீ, பத்மபூஷண், சென்னை இசைக் கல்லூரி முதல்வர் பதவி எல்லாம் சொன்னேன், போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாள். 2005 டிசம்பரில் அவர் காலமானார். அதற்கு முன்பே என் அம்மா போய்விட்டார், அதனால் இந்தச் சொல்லை அவரிடம் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உங்களிடம் கொடுக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அவர் எழுதிய 'அத்தகாரி கதலு' புத்தகம் உங்களிடம் இருக்கிறதே, மாமியார் கதைகள், அட்டை கிழிந்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பீர்களே, அதை எடுத்து வையுங்கள். மலேசியாவில் பாகான் டத்தோ எஸ்டேட்டில் உங்கள் அப்பா கற்றுக்கொடுத்த தெலுங்கில் நீங்கள் வாசிக்க, நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். இங்கே சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் இந்தி உண்டு, பஞ்சாபி உண்டு, குஜராத்தி, வங்காளம், உருதுகூட உண்டு, தெலுங்கு மட்டும் கிடையாது. தமிழ் படித்த உங்கள் பேத்திக்காவது அந்த மாமியாரைத் தெரியட்டும்.

ஆவக்காய் போத்தல் என்னிடமே இருக்கிறது, கழுவி வெயிலில் காய வைத்துவிட்டேன். வெறும் போத்தலாகத் திருப்பித் தரக்கூடாது என்பார் அம்மா. உங்களுக்கு ஊறுகாய் போட்டுத் தர எனக்குத் துணிச்சல் இல்லை. முறுக்கு என்றால் பரவாயில்லையா, சொல்லுங்கள்.

அன்புடன்,
எதிர்வீட்டுத் தங்கை