குழிக்கு மூடி போடுங்கள்: கோழிப்பண்ணைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பண்ணைக்கார அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

நாமக்கல் பக்கம் நாற்பதாயிரம் லேயர் கோழி, அதாவது முட்டைக் கோழி, வைத்திருப்பவன் எழுதுகிறேன். முட்டை விலை, மக்காச்சோள விலை எல்லாம் வாட்ஸப் குழுவில் தினமும் பேசித் தீர்க்கிறோம். அதை விட்டுவிடுவோம். செத்த கோழியைப் போடுகிறோமே ஒரு குழி, அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

போன ஐப்பசியில் ஒரு விடிகாலை. ராத்திரி முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேலியோரமாக வந்தேன். குழி நிரம்பும் தறுவாயில் இருந்தது. மேலே போட்டிருந்த தகரம் ஒரு பக்கமாக விலகிக் கிடந்தது. அந்தச் சந்திலிருந்து ஒரு கீரி வெளியே வந்தது. வாயில் கோழிக் கழுத்து. கோழி அதைவிடக் கனம் என்பதால் பின்னோக்கி நடந்து நடந்து இழுத்தது. என்னைப் பார்த்ததும் நின்றது. போட்டுவிட்டு ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. என்னைப் பார்த்தபடியே வேலிக்கு அடியில் இருந்த ஓட்டைக்குள் கோழியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓட்டையின் விளிம்பில் வெள்ளை இறகு ஒட்டியிருந்தது, மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரு நாளில் தேய்ந்த மண் அல்ல அது.

அந்தக் கோழி முட்டை அடைத்துச் செத்தது. காய்ச்சல் ஏதும் கிடையாது. நம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது என்று நான் சொல்லவும் வரவில்லை; பதற வேண்டாம். ஆனால் அன்றைக்கு அது காய்ச்சலில் செத்த கோழியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வி அதற்கப்புறம் என்னை விடவே இல்லை.

நம் கூட்டங்களில் பறவைக் காய்ச்சல் என்றாலே வெளியிலிருந்து வருவதைப் பற்றித்தான் பேச்சு. காக்கா உள்ளே வராமல் வலை கட்டு, வண்டிச் சக்கரத்துக்கு மருந்தடி, வாசலில் கால் நனைக்கத் தொட்டி வை. எல்லாம் சரிதான். 2024 ஏப்ரலில் ஆலப்புழையில் வாத்துகளுக்கு வந்தபோது கேரள எல்லையில் வாளையாறில் லாரிகளை நிறுத்தி மருந்தடித்தார்களே, அதுவும் உள்ளே வருவதைத் தடுக்கத்தான். நம் பண்ணையிலிருந்து வெளியே போவது என்ன என்று எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. யாரும் கேட்டு நான் பார்த்ததும் இல்லை.

இந்த நோயின் பூர்வீகத்தைப் பார்த்தால் நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். காட்டு வாத்துகளின் குடலில் ஃப்ளூ வைரஸ் ரொம்ப காலமாகவே சாதுவாகக் குடியிருக்கிறது. அது நெருக்கி அடைத்த வளர்ப்புப் பறவைகளுக்குள் புகுந்து சுற்றும்போதுதான் கொல்லும் வகையாக மாறுகிறது. இன்றைக்கு உலகம் சுற்றும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வகையின் மூதாதையை 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணைப் பெருவாத்து (கூஸ்) ஒன்றில்தான் கண்டெடுத்தார்கள். அடுத்த வருஷமே ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். காட்டுப் பறவை நமக்குக் கொடுத்தது என்று நாம் சொல்கிற நோயை, முதலில் இந்த வடிவில் காட்டுப் பறவைக்குக் கொடுத்தது நம் தொழில்தான்.

இப்போது அது பறவையோடும் நிற்கவில்லை. 2004இல் தாய்லாந்தின் ஸ்ரீராச்சாவில் 441 புலிகள் இருந்த ஒரு பூங்காவில், பச்சைக் கோழியைத் தின்ற புலிகளுக்குக் காய்ச்சல் கண்டது. செத்ததும் கருணைக் கொலை செய்ததுமாக 147 புலிகள் போயின. இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: கோழி போடுவதை நிறுத்திய பிறகும் புதிதாகப் புலிகள் நோயில் விழுந்துகொண்டிருந்தன. புலியிடமிருந்தே புலிக்குப் போயிருக்க வேண்டும்.

அது எங்கேயோ, எப்போதோ என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பர் கடைசியில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் அடுத்தடுத்துச் செத்தன. போபாலில் உள்ள ஆய்வகம் எச்5என்1 என்று உறுதி செய்தது. தீனியாகப் போட்ட கோழிக்கறி மேல்தான் முதல் சந்தேகம் விழுந்தது. அடுத்த சில வாரங்களில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமும் இதே வைரஸ். 2025 மே மாதம் கோரக்பூர் பூங்காவில் ஒரு பெண்புலி. புலி செத்தால் கூறாய்வு நடக்கும், மாதிரி போபாலுக்குப் போகும், பேப்பரில் வரும். என் வேலிக்கு அந்தப் பக்கம் செத்துக் கிடக்கும் கீரிக்கு அதெல்லாம் உண்டா? இரண்டு நாளில் எறும்பு தின்று முடித்துவிடும்.

இதெல்லாம் கோழி தின்று வந்தது, தின்னாத பிராணிக்கு என்ன பயம் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அர்ஜென்டினாவில் நடந்ததைப் படிக்கும்வரை.

அங்கே வால்டெஸ் தீபகற்பம் என்று ஓர் இடம். வருஷா வருஷம் செப்டம்பர், அக்டோபரில் யானைச் சீல்கள் என்ற பெரிய கடல் பாலூட்டிகள் கரையேறிக் குட்டி போடும் கடற்கரை. குட்டிகள் பிறந்து மூன்று வாரம்போல் தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கும், கடலில் இறங்காது. வழக்கமாக நூறு குட்டியில் ஒன்றுகூடச் சாகாது. 2023 அக்டோபரில் அந்தக் கரையில் ஏறத்தாழ 17,000 குட்டிகள் செத்தன. நூறு குட்டியில் தொண்ணூற்றைந்துக்கு மேல். மூச்சு வாங்கி, மூக்கில் சளி ஒழுகி, தலை தூக்க முடியாமல் கிடந்து செத்தன. சில தாய்கள் குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பின. அடுத்த வருஷம் அங்கே வந்து சேர்ந்த தாய்கள் பழைய கணக்கில் பாதிகூட இல்லை.

பால் குடிக்கும் குட்டி எந்தப் பறவையைத் தின்றது? அங்கே எடுத்த வைரஸின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தவர்கள், பெரு, சிலி கடற்சிங்கங்களிடம் எடுத்ததோடு அது நெருங்கிப்போவதையும், பாலூட்டி உடம்பில் பெருக உதவும் மாற்றங்கள் அப்படியே தொடர்ந்து வருவதையும் கண்டார்கள். அதாவது கடற்சிங்கத்திடமிருந்து கடற்சிங்கத்துக்கு, சீலிடமிருந்து சீலுக்கு. நடுவில் பறவை தேவைப்படவே இல்லை.

அந்த மாற்றம் என்ன என்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபமாகப் புரியும். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல். மனிதனுக்கு 37, மூக்குக்குள் இன்னும் குறைவு. கோழிச் சூட்டில் வேகமாகப் பெருகிப் பழகிய வைரஸ், பாலூட்டியின் மூக்குக்கு வந்தால் தடுமாறும். தன்னை நகலெடுத்துக்கொள்ளும் புரதத்தில் ஒன்றிரண்டு எழுத்து மாறினால் அந்தத் தடுமாற்றம் போய்விடும். அந்த எழுத்து மாறுவதற்கு அதற்கு வேண்டியது வாய்ப்பு. ஒவ்வொரு நரியும் ஒவ்வொரு மரநாயும் ஒவ்வொரு கீரியும் அதற்கு ஒரு வாய்ப்பு.

பாலூட்டிகளையே கூண்டில் நெருக்கி வளர்த்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. மிங்க் என்பது ரோமத்துக்காக வளர்க்கும், கீரி போன்ற சிறு பிராணி. 2022 அக்டோபரில் ஸ்பெயினின் கலீசியாவில் ஒரு மிங்க் பண்ணையில் நோய் கூண்டுக்குக் கூண்டு பரவி, 50,000க்கும் மேற்பட்ட மிங்க்குகளை அழித்தார்கள். மறு வருஷம் பின்லாந்தில் நரிகளை ரோமத்துக்காக வளர்க்கும் பண்ணைகளிலும் வந்தது. அந்தப் பண்ணைக்காரர்களும் கடற்பறவைகள் மேல்தான் பழியைப் போட்டிருப்பார்கள். பாதி உண்மையும்கூட.

சரி, நம் குழிக்கு வருகிறேன்.

நாற்பதாயிரம் கோழி என்றால் எந்த நோயும் இல்லாமலே தினம் எட்டுப் பத்து சாகும். உங்களுக்குத் தெரியாததா. அதை என்ன செய்கிறோம்? ஒழுங்காகக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலிக்கு வெளியே வீசுகிறவர்களும் இருக்கிறார்கள். வாரம் இரண்டு தடவை வண்டி வந்து செத்த கோழியை அள்ளிக்கொண்டு போவதும் உண்டு. கெளுத்தி மீன் குட்டைக்கு என்பார்கள், நாய்க்கு என்பார்கள். எனக்கு யோக்கியன் வேஷம் வேண்டாம், நானும் ஒரு காலத்தில் அந்த வண்டிக்குக் கொடுத்தவன்தான். குழி நாறாது, கையில் நாலு காசும் நிற்கும். அந்தக் கோழி எங்கே போனது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும். 2006இல் மகாராஷ்டிராவில் நவாபூரில் வந்ததற்கு இங்கே முட்டை தேங்கி விலை விழுந்ததை நாம் மறக்கவில்லை. நோய் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குக் கோழி எல்லாவற்றையும் அழிப்பார்கள். அரசு இழப்பீடு உண்டு என்றாலும் கூண்டு காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கு வங்கிக்காரன் வட்டியை நிறுத்த மாட்டான். அதனால்தான் வாயைத் திறக்க யோசிக்கிறோம். ஆனால் நாம் சொல்லாததை நம் வேலிக்கு வெளியே ஒரு காட்டுப்பூனை செத்துச் சொல்லும் நிலை வந்தால், அப்போது ஒரு கிலோமீட்டர் கணக்கோடு எதுவும் முடியாது.

கேட்பது மூன்றே காரியம். குழிக்கு இறுக்கமான மூடி. வண்டிக்கு இனிமேல் கோழி இல்லை. அப்புறம், பண்ணையைச் சுற்றிக் கீரியோ நரியோ தெருநாயோ தள்ளாடித் திரிந்தாலும், காரணம் தெரியாமல் செத்துக் கிடந்தாலும், வெறும் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு ஒரு போன். அதே வாரம் காக்காயும் செத்து விழுந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்; அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.

மூடிக்கு என் கணக்கைத் தருகிறேன். மூன்றரை அடி உறை, மேலே நாலு அங்குலக் கனத்தில் கம்பி கட்டிய சிமெண்ட் மூடி. நடுவில் கோழி போட ஓர் அடி வாய், அதற்குக் கொக்கி வைத்த இரும்புக் கதவு. கொத்தனார் இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார். வேலிக்கு அடியில் இருந்த அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டேன். மறு வாரம் மூடிமேல் ஈர மண்ணில் கீரிக் கால்தடம் இருந்தது. கொக்கியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

நேரில் பார்க்க வேண்டுமானால் வாருங்கள். வாசல் தொட்டியில் கால் நனைத்துவிட்டு உள்ளே வரவும்.

இப்படிக்கு,
நாமக்கல் பக்கத்து லேயர் பண்ணைக்காரன் ஒருவன்