கழுத்தில் இருக்கும் அந்தக் கட்டி

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோவில் பேசும்போது உன் கை அடிக்கடி தொண்டைக்குப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கும் தைராய்டில் கட்டி என்று சொன்ன புதிதில் இப்படித்தான். கண்ணாடி முன் நின்று, எச்சில் விழுங்கி விழுங்கி, அது மேலேறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அழுத்தி அழுத்தி அந்த இடமே வலித்தது, அதையும் கட்டி வளர்ந்த வலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசி போட்டு எடுத்த செல்களில் புற்றுநோய் இல்லை என்று வந்த பிறகும் "மருந்து ஏன் தரவில்லை?" என்று கேட்கிறாய். இத்தாலியில் சாதாரணக் கட்டி உள்ள 992 பேரை 5 வருடம் ஸ்கேனில் தொடர்ந்து பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். கட்டி வளர்ந்தது 15 சதவீதம் பேருக்குத்தான். ஏறக்குறைய 18 சதவீதம் பேருக்கு தானாகவே சுருங்கியது. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றமே இல்லை. வளர்ந்த கட்டிகளும் 5 வருடத்தில் சராசரியாக 5 மில்லிமீட்டர்தான் கூடின. மொத்தம் 1,567 கட்டிகளில் புற்றுநோய் என்று தெரியவந்தது ஐந்தில் மட்டும். வளர்ந்தாலே புற்றுநோய் என்பதில்லை, அம்மா. அதனால்தான் மருந்து தராமல் ஸ்கேனில் பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொன்று. ஸ்கேனில் 14 மில்லிமீட்டர் என்றிருந்தது 15 ஆனால் பதறாதே. கருவியை வைக்கும் கோணம் மாறினாலே அவ்வளவு வித்தியாசம் வரும். நீளம், அகலம், கனம் இவற்றில் இரண்டு அளவாவது 20 சதவீதம் கூடி, அந்தக் கூடுதலும் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் வளர்ச்சி என்று கணக்கில் எடுப்பார்கள்.

எனக்கு ஒரு ராத்திரி திடீரென்று வீங்கி வலித்தது உனக்கு நினைவிருக்குமே. உள்ளே நீர் கோத்திருந்த பகுதியில் ரத்தம் கசிந்திருந்தது. டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. சில வாரங்களில் வற்றி, முன்பைவிடச் சின்னதாகிவிட்டது.

ஆனால் குரல் கம்மி அப்படியே நின்றாலோ, விழுங்கச் சிரமமானாலோ, கழுத்தின் பக்கவாட்டில் புதிதாக நெறி கட்டினாலோ, அடுத்த ஸ்கேன் தேதி வரட்டும் என்று காத்திருக்காதே. மூச்சு முட்டினால் அன்றைக்கே போ.

சரி, ஸ்கேனுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோ. முடிந்தால் அதே இடத்திலேயே எடு. அளவு எவ்வளவு என்று அன்றைக்கே எனக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா