நீ அனுப்பிய இணைப்புகளைப் பற்றி

பெருந்துறை அருகிலிருந்து,
மாசி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடித்திருக்கக்கூடியதை நான்கு பக்கத்துக்கு மைப்பேனாவால் எழுதி அனுப்புகிற ஆள் இந்தக் காலத்தில் நீ ஒருவன்தான். ஆகையால் நானும் தாளிலேயே பதில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மஞ்சளை வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டிருக்கிறோம். பேத்தி பிளஸ் டூ தேர்வுக்குப் படிப்பதால் வீட்டில் தொலைக்காட்சிக்குத் தடை. இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்ததற்கு அதுவே காரணம்.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானபோது, ஈரோடு பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? இனி எந்தக் கட்சிக்காரனும் மேடையில் பொய் பேச முடியாது, பேசி முடிப்பதற்குள் கூட்டத்தில் ஒருவன் கைபேசியை எடுத்து உண்மையைப் பார்த்துவிடுவான் என்றாய். நானும் தலையாட்டினேன். இப்போது கூட்டத்தில் எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. ஆனால் அவர்கள் அதை உயர்த்திப் பிடித்துத் தலைவரைப் படம் எடுக்கிறார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய்.

ஊரில் யாரையும் தேடிப் போக வேண்டாம், நம் இருவரையே எடுத்துக்கொள்வோம். கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரில் புறப்பட்டு உன் பக்கம் வந்து சேர ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடுகிறது. அதை நம்பியிருக்கும் நிலம் 2,07,000 ஏக்கர். அது மண் வாய்க்காலாகவே இருக்க வேண்டும், அதன் கசிவு நீரில்தான் எங்கள் கிணறுகளும் குளங்களும் கரையோரத் தென்னைகளும் பிழைத்துக் கிடக்கின்றன என்பது என் கட்சி. கரையில் கான்கிரீட் போட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் எட்டும் என்பது உன் கட்சி. அரசாணை, பொறியாளர்களின் அறிக்கை, இரு தரப்பு விவசாயிகளின் மனுக்கள் என எல்லாமே உன் கைபேசியிலும் இருக்கின்றன, என் கைபேசியிலும் இருக்கின்றன. இரண்டு வருடமாக நீ எனக்கு இணைப்புகள் அனுப்பினாய், நானும் உனக்கு அனுப்பினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நீ அனுப்பியவற்றில் பாதியை நான் திறக்கவே இல்லை. திறந்த பாதியையும் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் படித்தேன். நான் அனுப்பியதை மட்டும் நீ வேறு விதமாகப் படித்திருப்பாய் என்று நான் நம்பவில்லை.

இது நம் இருவருக்கு மட்டும் பிடித்த நோய் இல்லை என்பது ஓர் ஆறுதல். 1979-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களையும் எதிர்க்கும் மாணவர்களையும் அழைத்து, தண்டனையால் கொலைகள் குறைகின்றன என்று ஓர் ஆய்வையும், குறையவில்லை என்று இன்னோர் ஆய்வையும் இரு சாராருக்கும் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தமக்கு ஒத்த ஆய்வை மெச்சினார்கள், மற்றதில் குற்றம் கண்டுபிடித்தார்கள். ஒரே தாள்களைப் படித்த பின் இரு தரப்பும் முன்னைவிட விலகிப் போயின. இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது இது.

எனக்கு அதைவிடப் பெரிய பாடமாகப் பட்டது சீனாவில் நடந்த ஒன்று. யுயு சென், டேவிட் யாங் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், பெய்ஜிங்கில் ஏறத்தாழ 1,800 கல்லூரி மாணவர்களைச் சேர்த்து, அவர்களில் பலருக்கு அரசின் தணிக்கையைத் தாண்டிச் செல்லும் மென்பொருளை 18 மாதங்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏறத்தாழப் பாதிப் பேர் அதைப் பயன்படுத்தவே இல்லை. பயன்படுத்தியவர்களும் வெளிநாட்டுச் செய்தித் தளங்களின் பக்கம் அநேகமாகப் போகவில்லை. கதவைத் திறந்து வைத்தும் எட்டிப் பார்க்க ஆளில்லை! ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில மாதங்கள் சின்னச் சின்ன வினாடி வினாக்கள் வைத்து, அந்தத் தளங்களைப் படித்தால்தான் பதில் தெரியும் என்று செய்தார்கள். போட்டி நின்ற பிறகும் அவர்கள் படிப்பதை நிறுத்தவில்லை. அரசைப் பற்றியும் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றியும் அவர்களுடைய எண்ணங்கள் கணிசமாக மாறியிருந்தன. ஆகவே படித்தால் மனம் மாறவே மாறாது என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், தண்ணீர் மதகு வரை வந்து நிற்கிறது, மடையைத் திறக்கத்தான் எவனும் மண்வெட்டியோடு போவதில்லை. 2016-இல் நீயும் நானும் கணக்குப் போட்டபோது மண்வெட்டியை விட்டுவிட்டோம்.

என் சித்தப்பாவை உனக்குத் தெரியும். எண்பதை நெருங்குகிறார், யூடியூபில் நாளுக்கு மூன்று மணி நேரம் அரசியல் பார்க்கிறார். அவருடைய கட்சிக்காரர் ஒருவர் சொன்ன கணக்கு தப்பு என்று போன மாதம் நான் ஆதாரத்தோடு காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்துவிட்டு, “தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக என் ஓட்டு எதற்கப்பா மாற வேண்டும்?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. 2016 அமெரிக்கத் தேர்தலின்போது டிரம்பின் ஆதரவாளர்களிடம் அவர் பேச்சிலிருந்த பிழையைத் திருத்திக் காட்டிய ஆய்வாளர்கள் கண்டதும் இதையேதான்: அவர்கள் திருத்தத்தை ஏற்றார்கள், ஆனால் அவர்மீது வைத்திருந்த மதிப்பு அசையவில்லை.

அதே சித்தப்பா வாழ்நாளில் ஒருமுறை கட்சி மாறியிருக்கிறார். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது அது நடந்தது. எதைப் படித்து மாறினீர்கள் என்று கேட்டேன். எதையும் படிக்கவில்லையாம். எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சு முழுதும் ஒரே வாரத்தில் மாறிவிட்டது, தான் மட்டும் தனியாக உட்கார்ந்து யாரோடு டீ குடிப்பது என்றார். அவருடைய இப்போதைய பெஞ்சு ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் அறுபது பேர், அறுபது பேரும் ஒரே கட்சி. பழைய பெஞ்சிலாவது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து தினமும் வம்பிழுப்பார்; அவர் வராத நாளில் பேச்சே சுவைக்காது என்று சித்தப்பாவே சொல்வார்.

இணையம் எதையுமே மாற்றவில்லை என்றும் சொல்ல முடியாது. 116 நாடுகளில் 2008 முதல் 2017 வரை 3ஜி பரவியதை ஆராய்ந்தவர்கள், தணிக்கை இல்லாத இடங்களில் அரசின்மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை அதனால் குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். ஆள்பவர்மேல் இருந்த மதிப்பு இறங்கிவிடுகிறது. நெடுநாள் பற்று அப்படி இறங்குவதாக எனக்குத் தெரியவில்லை.

திருப்பூரில் என் அக்கா மகன் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான் அல்லவா, அங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில், ஹோலிப் பண்டிகைக்குச் சற்று முன், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத காணொளிகள் பரவினவே, அப்போது அவனிடம் வேலை செய்த பையன்கள் பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். அவை பொய் என்று நம் காவல்துறை இந்தியிலேயே அறிவித்தது, பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து பார்த்தது. அந்த மறுப்பும் அதே கைபேசிகளுக்கு வந்து சேர்ந்தது. ஒரு பையனின் தாய் மட்டும் ஊரிலிருந்து விடாமல் அழுதுகொண்டிருந்தாள். அவன் வீடியோ அழைப்பில் தெருவெல்லாம் நடந்து, டீக்கடையையும் தன் அறையையும் காட்டி, எல்லாம் நலமாகத்தான் இருக்கிறது என்றான். அந்த அம்மா, “உன் பின்னால் நின்றுகொண்டு இப்படிச் சொல்லச் சொல்வது யார்?” என்று கேட்டிருக்கிறாள். கடைசியில் அவள் நம்பியது, அதே கிராமத்திலிருந்து வந்து பத்து வருடமாகத் திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் பேசிய பிறகுதான். மகனின் முகத்தைப் பார்த்தும் தீராத சந்தேகம் பக்கத்து வீட்டுக்காரரின் குரலில் எப்படித் தீர்ந்தது என்பது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அவர் அவளிடம் பேசுவதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுபடி வாய்க்காலுக்கே வருகிறேன். இரண்டு வருடம் நீ அனுப்பிய இணைப்புகள் செய்யாததை, போன பங்குனியில் உன் மகள் கல்யாணத்துக்கு வந்த ஒரு நாள் கொஞ்சம் செய்தது. பந்தியிலிருந்து எழுந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் உன் மதகைக் காட்டினாய். அதற்குள் புல் முளைத்து, ஓணான் ஒன்று உட்கார்ந்திருந்தது. நீ அன்று ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. கான்கிரீட் வேண்டாம் என்ற என் எண்ணம் இன்றும் மாறவில்லை, அதை உனக்கு மறைக்க மாட்டேன். ஆனால் கடைமடைக்காரர்களை யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று அதுவரை எங்கள் கூட்டங்களில் சொல்லிவந்தேன்; அன்றைக்குப் பிறகு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை மாற்றம் என்று கணக்கில் சேர்ப்பாயோ மாட்டாயோ.

நீ என் கிணற்றைப் பார்த்ததில்லை. புன்செய்த் தண்ணீரை நிறுத்தி வாய்க்காலை அடைத்த பின், வைகாசியில் ஒரு வாரம் இங்கே வந்து தங்கு. ஒவ்வொரு நாளும் காலையில் நீயே கயிறு விட்டு, நீர்மட்டம் எத்தனை அடி இறங்குகிறது என்று அளந்து பார். நான் பக்கத்தில்கூட நிற்க மாட்டேன். பேத்திக்கும் அதற்குள் தேர்வு முடிந்திருக்கும். வரும்போது உன் பக்கத்து முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவா, இங்கே கிடைப்பதில் சதை இல்லை என்று வீட்டில் குறை.

உன் பழைய விடுதித் தோழன்